பின்னிரவில் வந்து சேர்பவர்கள்

தமிழில் பயணக் கட்டுரைகளுக்குக் குறைவில்லை. ஏ.கே. செட்டியார் காலத்திலிருந்து இன்றைய இணையப் பதிவுகள் வரை எடுத்துப் பார்த்தால் ஓர் ஒற்றுமை கண்ணில் படுகிறது. புறப்பாடு விரிவாக எழுதப்பட்டிருக்கும். ஊர் சுற்றிய அனுபவமும், உண்ட உணவும், சந்தித்த மனிதர்களும் பக்கம் பக்கமாக வரும். ஆனால் வந்திறங்கிய இடத்துக்கும் தங்கும் விடுதிக்கும் நடுவே உள்ள அந்த ஒன்றிரண்டு மணி நேரம் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும்: ‘இரவு விடுதிக்கு வந்து சேர்ந்தோம்.’

வந்து சேர்ந்தது எப்படி என்பதை யாரும் எழுதுவதில்லை. அது இலக்கியத்துக்குரிய விஷயமல்ல என்ற எண்ணம் காரணமாக இருக்கலாம். அதைவிட முக்கியமான காரணம், அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தை நாம் அவரவர் சாமர்த்தியத்தைப் பொறுத்த விஷயமாகவே கருதிப் பழகிவிட்டோம் என்பது. சாமர்த்தியசாலி குறைந்த காசில் போய்ச் சேர்கிறார், ஏமாளி அதிகம் கொடுக்கிறார், அவ்வளவுதான் என்று நினைக்கிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பின்னிரவில் வந்திறங்கும் ஒருவர் பத்திரமாகப் படுக்கைக்குப் போய்ச் சேர்வது ஒரு நகரத்தின் பொதுக்காரியம் என்றே நினைக்கிறேன். குடிநீரைப் போல, தெருவிளக்கைப் போல. சென்னையை முன்வைத்து இதைச் சொல்ல முயல்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. வெளிநாட்டு விமானங்கள் ஏன் இந்த நேரத்தில் வருகின்றன? மீனம்பாக்கத்தில் பன்னாட்டு வருகைக் கூடம் பகலைவிட நள்ளிரவிலிருந்து விடியும்வரையுள்ள நேரத்தில்தான் நெரிசல் கொண்டிருக்கிறது. இது தற்செயல் அல்ல. ஐரோப்பிய விமான நிலையங்கள் பலவற்றில் இரவு நேரப் பறத்தலுக்குத் தடையோ கட்டுப்பாடோ உண்டு. லண்டன் ஹீத்ரோவில் 1962 முதல் இரவுக் கட்டுப்பாடுகள் இருந்து வருகின்றன. ஃபிராங்க்ஃபர்ட்டில் 2011 முதல் இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணிவரை திட்டமிட்ட விமானங்களுக்குத் தடை. ஆஸ்திரேலியாவில் சிட்னி விமான நிலையத்தின் இரவுத் தடைக்கென்றே 1995இல் தனிச் சட்டம் இயற்றினார்கள். நிலையத்தைச் சுற்றிக் குடியிருப்போரின் தூக்கத்துக்குச் சட்டத்தின் பாதுகாப்பு.

இப்போது ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஜெர்மனியிலிருந்து கோடைக்காலம் அல்லாத மாதங்களில் காலை பத்து மணிக்கு ஒரு விமானம் கிளம்புகிறது. பறக்கும் நேரம் ஒன்பதரை மணி. நேர வித்தியாசம் நாலரை மணி. சென்னையில் இறங்கும்போது நள்ளிரவு பன்னிரண்டு. இரண்டு மணி நேரத்தில் அது திரும்பிப் போக வேண்டும். அப்போதுதான் ஐரோப்பாவின் காலைப்பொழுதில் அங்கே இறங்கி, அங்கிருந்து மற்ற ஊர்களுக்குப் போகும் விமானங்களில் பயணிகளை ஏற்றிவிட முடியும். வளைகுடா விமானங்களின் கணக்கு வேறு. துபாயிலும் தோஹாவிலும் மேற்கிலிருந்து வருபவற்றையும் கிழக்கே போகிறவற்றையும் ஒரே சமயத்தில் சந்திக்க வைக்கும் ஏற்பாடு அது. ஆனால் விளைவு ஒன்றுதான். உலகின் கால அட்டவணை வேறெங்கோ உள்ளவர்களின் காலைப்பொழுதுக்கு ஏற்ப எழுதப்படுகிறது. அதில் மிஞ்சிய பின்னிரவு நமக்கு வந்து சேர்கிறது. பொழிச்சலூர்க்காரர்களும் கெருகம்பாக்கத்துக்காரர்களும் கூரைக்கு மேலே அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறார்கள். இறங்கியவர்கள் பெட்டியோடு வாசலில் நிற்கிறார்கள்.

ஆக, பின்னிரவு வருகை என்பது எப்போதோ நேரும் அசாதாரண நிகழ்ச்சி அல்ல. அன்றாடம் நடப்பது, முன்கூட்டியே தெரிந்தது, அட்டவணையில் அச்சிடப்பட்டது. எந்த இரவில் எத்தனை மணிக்கு எந்த விமானம் வரும் என்பது நிர்வாகத்துக்குப் பல மாதங்கள் முன்பே தெரியும். தெரிந்தும் அந்த நேரத்துக்கென நகரம் என்ன ஏற்பாடு செய்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

சென்னை விமான நிலையத்துக்கு இருக்கும் வசதி இந்தியாவின் பல பெருநகரங்களுக்கு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அது ஊரைவிட்டு வெகுதூரம் போய்விடவில்லை. சென்ட்ரல் நிலையம் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர்தான். வாசலில் ஜி.எஸ்.டி. சாலை. சாலையைக் கடந்தால் திரிசூலம் ரயில் நிலையம், 1931இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய கடற்கரை–தாம்பரம் தடத்தில். 2016 செப்டம்பரில் மெட்ரோ ரயிலும் விமான நிலையத்துக்கே வந்துவிட்டது. 2019 பிப்ரவரியிலிருந்து அதே வண்டியில் மாறாமல் அண்ணாசாலை வழியாக சென்ட்ரல் வரை போகலாம். பகலில் வந்திறங்குபவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் மெட்ரோ இரவு பதினொரு மணியோடு நின்றுவிடுகிறது. மறுநாள் காலை ஐந்து மணி அளவில்தான் திரும்பத் தொடங்கும். புறநகர் மின்ரயில் நள்ளிரவை ஒட்டி ஓய்ந்து நான்கு மணி வாக்கில் மீண்டும் ஓடத் தொடங்குகிறது. அதாவது பன்னாட்டு விமானங்கள் அதிகம் வரும் நேரமும் பொதுப் போக்குவரத்து தூங்கும் நேரமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. இதில் மெட்ரோவைக் குறை சொல்ல மாட்டேன். தண்டவாளத்தையும் மின்கம்பியையும் பராமரிக்க இரவில் சில மணி நேரம் வேண்டும். உலகின் பெரும்பாலான மெட்ரோக்கள் அப்படித்தான். ஆனால் ரயில் தூங்கும் நேரத்தில் அதன் வேலையை யார் பார்ப்பது என்பதை யாரோ ஒருவர் யோசித்திருக்க வேண்டும்.

அப்படி யாரும் யோசிக்காத இடத்தில் என்ன நடக்கும் என்பதை நாம் அறிவோம். கண்ணாடிக் கதவைத் தாண்டியதும் ‘டாக்ஸி சார், டாக்ஸி’ என்ற குரல்கள் சூழ்ந்துகொள்ளும். முன்பணம் கட்டும் டாக்ஸி முகப்புகள் உள்ளே இருக்கின்றன. அவற்றின் கட்டணத்தைச் செயலி வண்டிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க இறங்கிய களைப்பில் யாருக்கும் தெம்பிருக்காது. செயலி வண்டியை அழைத்தால் அது வாசலுக்கு வராது. 2022 டிசம்பரில் பல அடுக்கு வாகன நிறுத்தகம் திறக்கப்பட்டபின் அங்கே போய்த்தான் ஏற வேண்டும் என்றாகிவிட்டது. இரண்டு பெட்டியும் தூங்கும் குழந்தையுமாக அங்கே போய்ச் சேர்ந்தபின் ஓட்டுநர் தொலைபேசியில் இரண்டு கேள்விகள் கேட்பார். எங்கே போக வேண்டும், பணமாகத் தருவீர்களா? பதில் பிடிக்கவில்லையென்றால் பயணம் ரத்தாகும்.

அந்த அழைப்புக்கே ஒரு கைப்பேசி வேண்டும், அதில் உள்ளூர் எண் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருபவரிடம் அது இருக்காது. விமான நிலையத்தின் இலவச இணையத்தைப் பயன்படுத்தலாம் என்று பார்த்தால், பல நிலையங்களில் அதற்கும் ஒரு கடவு எண்ணைக் குறுஞ்செய்தியாக அனுப்புகிறார்கள். அந்தக் குறுஞ்செய்தி வந்து சேர உள்ளூர் எண் வேண்டும். பூட்டுக்குள்ளேயே சாவியை வைத்துப் பூட்டியதைப் போன்ற ஏற்பாடு இது. சரி, உள்ளே போய் விடியும்வரை உட்கார்ந்திருக்கலாம் என்று நினைத்தால் அதுவும் நடக்காது. இந்திய விமான நிலையங்களில் ஒருமுறை வெளியே வந்துவிட்டால் பயணச்சீட்டின்றி உள்ளே திரும்ப விடமாட்டார்கள். வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் காவலரிடம் விவாதிக்க முடியாது.

*

இதெல்லாம் வசதியானவர்களின் புகார், விமானத்தில் வருகிறவருக்கு வண்டிக்குக் கொடுக்கப் பணமிருக்காதா என்று ஒரு வாதம் உண்டு. நண்பர்களிடம் இதைப் பேசும்போதெல்லாம் முதலில் வரும் மறுப்பு இதுதான். முப்பதாண்டுகளுக்கு முன் இதில் ஓரளவு உண்மை இருந்தது. 2003இல் குறைந்த கட்டண விமானங்கள் இந்தியாவில் பறக்கத் தொடங்கியபின் அந்த உண்மை காலாவதியாகிவிட்டது. வளைகுடாத் தடங்களைப் பொறுத்தவரை அது என்றுமே உண்மையாக இருந்ததில்லை.

பின்னிரவு இரண்டு மணிக்கு வருகைக் கூடத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் போதும். அட்டைப்பெட்டியைக் கயிற்றால் இறுகக் கட்டி, அதன்மேல் பெரிய எழுத்தில் பெயரும் ஊரும் எழுதிக்கொண்டு வருபவர் இரண்டு வருடம் கழித்து ஊர் திரும்பும் தொழிலாளி. விமானச்சீட்டை அவர் வாங்கியிருக்க மாட்டார், ஒப்பந்தப்படி கம்பெனி கொடுத்திருக்கும். அவர் போக வேண்டிய இடம் சென்னையும் அல்ல, கள்ளக்குறிச்சியோ பட்டுக்கோட்டையோ. தென்மாவட்டப் பேருந்துகள் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கத்துக்குப் போய்விட்டன. அதே ஜி.எஸ்.டி. சாலையில், ஏறக்குறைய பதினைந்து கிலோமீட்டர் தெற்கே. விமான நிலையத்திலிருந்து அங்கே மெட்ரோவை நீட்டுவது பற்றிப் பல ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பதினைந்து கிலோமீட்டருக்கு அவர் கொடுக்கும் வண்டிக்கூலி, அங்கிருந்து ஊர்வரை போகும் பேருந்துக் கட்டணத்தைவிட அதிகமாக இருக்கக்கூடும்.

அவருக்குப் பின்னால் வருபவர்கள் வங்காளத்திலிருந்தோ பங்களாதேஷிலிருந்தோ மருத்துவத்துக்காக வருபவர்கள். தகப்பனாருக்கு நெஞ்சுவலி, மகனுக்குச் சிறுநீரகம். கிரீம்ஸ் சாலையின் சந்துகளில் வங்காள எழுத்தில் பெயர்ப்பலகை வைத்த லாட்ஜ்கள் அவர்களை நம்பியே இருக்கின்றன. நிலத்தை விற்றோ கடன் வாங்கியோ வந்திருப்பார்கள். மொழி தெரியாது, ஊர் தெரியாது, தூரம் எவ்வளவு என்று தெரியாது. எவ்வளவு கேட்டாலும் கொடுக்கக்கூடிய மனநிலையில் இருக்கிறார்கள். ஏனெனில் காலையில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அப்புறம், அமெரிக்காவில் மகளின் பிரசவத்துக்குப் போய் ஆறு மாதம் இருந்துவிட்டுத் தனியாகத் திரும்பும் அம்மாக்கள். நேர்முகத் தேர்வுக்கு வந்திருக்கும் இளம்பெண்கள். இவர்களுக்கு அதிகக் கூலியைவிடப் பெரிய கவலை பாதுகாப்பு. 2005 டிசம்பரில் பெங்களூரில் இரவுப் பணிக்குக் கிளம்பிய கால்சென்டர் ஊழியர் ஒருவர் வண்டி ஓட்டி வந்தவனாலேயே கொல்லப்பட்டபோது நாடே அதிர்ந்தது. அதன்பிறகு இரவுப்பணிப் பெண்களுக்கான வண்டி ஏற்பாடுகளில் நிறுவனங்கள் விதிகளைக் கடுமையாக்கின. ஆனால் அது ஒரு நிறுவனத்தின் ஊழியராக இருப்பவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு. வெறுமனே வந்திறங்கும் பெண்ணுக்கு அவரை அழைத்துப்போக வரும் அண்ணனோ மாமாவோதான் பாதுகாப்பு. அதனால்தான் நம் ஊரில் ஒருவர் வந்திறங்க ஒரு குடும்பமே இரவு முழுக்க விழித்திருக்கிறது. இதைப் பாசம் என்கிறோம். பாசம்தான், சந்தேகமில்லை. ஆனால் அதில் பாதி, வேறு வழியில்லாமை.

ஓட்டுநர்கள் தரப்பையும் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. இரவில் விமான நிலையத்தில் நிற்கும் வண்டிக்காரர் ஒரு சவாரிக்காகப் பல மணி நேரம் காத்திருக்கிறார். கிடைத்த சவாரி பல்லாவரத்துக்கு என்றால் காத்திருந்தது அத்தனையும் வீண். தொலைவுக்குப் போனால் அந்த நேரத்தில் காலியாகத் திரும்ப வேண்டும். செயலி நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. ஆட்டோவின் கதை இன்னும் மோசம். 2013 ஆகஸ்டில் அரசு நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்குமேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய், இரவில் ஒன்றரை மடங்கு. அதன்பின் எரிபொருள் விலை ஏறியது, வீட்டு வாடகை ஏறியது. கட்டணமோ பத்தாண்டுகளுக்கும் மேலாகத் திருத்தப்படாமல் கிடந்தது. சாத்தியமில்லாத ஒரு விலையைச் சட்டமாக்கி வைத்தால், சட்டத்தை மதிப்பவரும் மீறுபவரும் ஒன்றாகிவிடுகிறார்கள். பிறகு இரவு இரண்டு மணிக்கு நடக்கும் பேரத்தில் யார் நியாயமானவர், யார் பறிப்பவர் என்று பிரித்தறிய எந்த அளவுகோலும் மிஞ்சுவதில்லை. களைத்த இருவர் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்துக்கொள்கிறார்கள். அந்தச் சந்தேகம்தான் பல பேருக்குச் சென்னையின் முதல் முகம்.

*

நம் மரபில் வழிப்போக்கரைப் பற்றிய அக்கறை மிகப் பழமையானது. பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படை. முருகனை நோக்கிய ஒன்றை விட்டுவிட்டால் மற்றவை அனைத்தும், முன்பு போய் வந்த ஒருவர் இனிமேல் போகப்போகும் ஒருவருக்குச் சொல்லும் வழி. எந்தப் பாதையில் போக வேண்டும், எந்த ஊரில் என்ன உணவு கிடைக்கும், யார் வீட்டில் இரவு தங்கலாம் என்றெல்லாம் சொல்லப்படுகிறது. இவற்றில் மலைபடுகடாம் வழியின் ஆபத்துகளை ஒன்றுவிடாமல் சொல்கிறது. பன்றிக்கு வைத்த கற்பொறிகள் உள்ள பாதை, பாம்புகள் கிடக்கும் குழிகள், தினைப்புனம் காப்போர் வீசும் கவண்கற்கள், வழுக்கும் பாறைகள். பொறிகள் உள்ள பாதையை இருட்டில் கடக்காமல் விடியும்வரை தங்கிப் போகச் சொல்லும் இடம், இன்று வாசித்தாலும் ஒரு நண்பரின் குரலாகவே கேட்கிறது. நன்னனின் புகழைப் பாட வந்த பெருங்கௌசிகனார், அவனிடம் போய்ச் சேரும் வழியையும் அந்தப் புகழின் பகுதியாகவே கருதியிருக்கிறார் என்பது என் எண்ணம். வழியில் கூத்தன் ஒருவன் பொறியில் சிக்கிக்கொண்டால் அரசனின் கொடைக்கு என்ன பொருள்?

குறுந்தொகையில் நன்னாகையாரின் சிறு பாடல் ஒன்று உண்டு. மாலையில் வாயிலை அடைப்பதற்கு முன், உள்ளே வரவேண்டியவர் இன்னும் யாரேனும் இருக்கிறார்களா என்று கேட்கும் வழக்கத்தை அது காட்டுகிறது. பாடலின் துயரம் வேறு, தலைவன் வரவில்லை என்பது. ஆனால் அந்த வழக்கம் என்னைப் பலமுறை யோசிக்க வைத்திருக்கிறது. கதவை அடைப்பது தவறில்லை. அடைக்கும்முன் கேட்க வேண்டும். நம் மெட்ரோ பதினொரு மணிக்குக் கதவடைக்கும்போது அந்தக் கேள்வியைக் கேட்பவர் யாருமில்லை. இத்தனைக்கும் வரப்போகிறவர்களின் பட்டியல் வாசலுக்குள் இருக்கும் பலகையிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

பிற்காலத்தில் இந்த அக்கறை சத்திரங்களாக வடிவெடுத்தது. சென்ட்ரல் நிலையத்துக்கு அருகே சவலை இராமசாமி முதலியார் சத்திரம் எழுந்ததும், ரயில் நிலையங்களில் தங்கும் அறைகள் வந்ததும் ஒரே எண்ணத்தின் இரு வடிவங்கள். வேளை கெட்ட வேளையில் வந்திறங்குபவர் விடியும்வரை தலைசாய்க்க நிலையத்தை ஒட்டியே இடம் வேண்டும். ரயில் யுகத்தின் சென்னைக்குப் புரிந்திருந்தது விமான யுகத்தின் சென்னைக்கு மறந்துபோயிற்று. இன்று நிலையத்தைச் சுற்றி நட்சத்திர விடுதிகள் இருக்கின்றன. சத்திரம் இல்லை.

விடுதிகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் பயணம் அதன் வாசலோடு முடிவதில்லை. பின்னிரவில் வருபவரைக் குழப்புவது தேதி. பதினைந்தாம் தேதி அதிகாலை ஒன்றரை மணிக்கு இறங்குபவர் பதினைந்தாம் தேதிக்கு அறை பதிவு செய்வார், இயல்புதானே. ஆனால் விடுதியின் கணக்கில் அந்த அறை பதினைந்தாம் தேதி நண்பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் அவருக்கு உரியதாகும். பதினான்காம் தேதி இரவுக்குப் பதிவு செய்திருக்க வேண்டும். சரியாகவே பதிவு செய்தவருக்கும் வேறொரு ஆபத்து உண்டு. நள்ளிரவைத் தாண்டியும் வராத விருந்தினர் இனி வரமாட்டார் என்று முடிவுகட்டி அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிடும் வழக்கம் சிறிய லாட்ஜ்களில் இருக்கிறது. தாமதமாக வருவோம் என்று முன்னரே தொலைபேசியில் சொல்லி, பேசியவரின் பெயரைக் குறித்துக்கொள்வது நல்லது. அறைக்காகப் பணம் வாங்கும் இணையதளங்கள் வருகை நேரத்தையும் கேட்டு, அதற்கேற்ற தேதியை அவையே சொல்லிவிட்டால் இந்தக் குழப்பமே இல்லை. ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை எழுதுவதில் யாருக்கும் லாபமில்லை என்பதால் அது எழுதப்படாமலே இருக்கிறது.

*

மற்ற ஊர்களில் எல்லாம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. சிங்கப்பூரில் சாங்கி வரை வரும் ரயிலும் நள்ளிரவை ஒட்டி நின்றுவிடுகிறது. ஆனால் அங்கே டாக்ஸிக்கு ஒரே வரிசை. மீட்டர் ஓடுகிறது. நள்ளிரவு முதல் காலை ஆறு வரை ஐம்பது விழுக்காடு கூடுதல் என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. கூடுதல் பணம் கொடுப்பது யாருக்கும் வருத்தமில்லை, எவ்வளவு என்று முன்பே தெரிந்திருந்தால். கோலாலம்பூர் விமான நிலையம் 1998இல் நகரைவிட்டு வெகுதூரம் போனது. விரைவு ரயிலுக்கே இருபத்தெட்டு நிமிடம் பிடிக்கிறது. முகப்பில் இடத்தைச் சொல்லிப் பணம் கட்டினால் கையில் சீட்டு கொடுத்துவிடும் டாக்ஸி முறை அங்கே நெடுங்காலம் இருந்து வந்தது. லண்டனில் சுரங்க ரயில் இல்லாத இரவுகளிலும் ஹீத்ரோவிலிருந்து நகரின் மையத்துக்கு என்9 என்ற இரவுப் பேருந்து போகிறது, சாதாரண நகரப் பேருந்தின் கட்டணத்தில். கொழும்பு செல்வோர் வேறொரு வழி கண்டார்கள். கட்டுநாயக்கவிலிருந்து கொழும்புக்கு 2013இல் அதிவேகப் பாதை வந்தபிறகும், பின்னிரவில் இறங்குவோர் பலர் அருகிலுள்ள நீர்கொழும்பில் தங்கிவிட்டு விடிந்தபின் கிளம்புகிறார்கள். மலைபடுகடாம் சொன்ன யோசனைதான்.

வெளிநாடு வேண்டாம் என்றால் பெங்களூரைப் பார்க்கலாம். 2008 மே மாதம் அதன் விமான நிலையம் தேவனஹள்ளிக்குப் போனது. சென்னையைப் போல் வாசலில் ரயில் கிடையாது, தூரமும் ஏறக்குறைய இருமடங்கு. ஆனால் மாநகரப் போக்குவரத்துக் கழகம் வாயு வஜ்ரா என்ற பெயரில் குளிர்சாதனப் பேருந்துகளை விட்டது. பெட்டி வைக்க இடம், நிர்ணயித்த கட்டணம், நகரின் பல மூலைகளுக்கும் தடங்கள், பின்னிரவிலும் சேவை. அதில் ஏறி உட்கார்ந்தவர் யாரிடமும் பேரம் பேச வேண்டியதில்லை, யாரையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. அண்டை மாநிலத்தில் நடப்பது இங்கே நடக்க முடியாது என்பதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

இரவு பதினொன்று முதல் ஐந்து வரை அரைமணிக்கு ஒரு பேருந்து, இரண்டே இரண்டு தடங்களில் போதும். ஒன்று கிண்டி, அண்ணாசாலை, எழும்பூர் வழியாக சென்ட்ரலுக்கு. மற்றொன்று தாம்பரம் வழியாகக் கிளாம்பாக்கத்துக்கு. இரண்டுமே மேம்பாலங்களும் விளக்குகளும் உள்ள, அந்த நேரத்தில் காலியாகக் கிடக்கும் பெருஞ்சாலைகள். எந்த விமானம் எப்போது வரும் என்று தெரியும் என்பதால் பேருந்தின் நேரத்தை அதற்கேற்ப வைக்கலாம். வருகைக் கூடத்துக்குள்ளேயே, வெளியே போகும் கதவுக்கு முன்பாக, எந்த இடத்துக்கு இரவில் எவ்வளவு கூலி நியாயம் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வங்காளத்திலும் ஒரு பலகை. அந்தக் கூலி ஓட்டுநருக்குக் கட்டுபடியாகும் உண்மையான கூலியாக இருக்க வேண்டும், காகிதக் கூலியாக அல்ல. விடியும்வரை உட்கார நினைப்பவருக்குக் கதவுக்கு வெளியே கூரையும் நாற்காலியும் கழிப்பறையும் உள்ள ஒரு கூடம். கேட்பது இவ்வளவுதான். 2023 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய முனையத்தின் கோலங்களையும் கோயில் வடிவங்களையும் எல்லோரும் பாராட்டினார்கள். நானும்தான். அந்தச் சுவர்களுக்குச் செலவிட்ட அக்கறையில் சிறு பங்கு இதற்குப் போதும்.

பேருந்து காலியாக ஓடினால் நஷ்டமல்லவா என்று கேட்பார்கள். முதல் சில மாதங்கள் காலியாகத்தான் ஓடும். இருக்கிறது என்று தெரிந்து, நாளையும் இருக்கும் என்று நம்பிக்கை வந்தபின்தான் மக்கள் ஒன்றைப் பயன்படுத்துவார்கள். தெருவிளக்கின் கீழே யாரும் நடக்காத இரவுகளிலும் விளக்கு எரியத்தான் செய்கிறது. அதை யாரும் நஷ்டம் என்று சொல்வதில்லை.

அது நடக்கும்வரை பின்னிரவில் சென்னையில் இறங்குபவர்களுக்கு, போய் வந்தவன் என்ற முறையில் சொல்லக்கூடியது கொஞ்சம் உண்டு. கூடத்தின் கதவைத் தாண்டுமுன் எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளுங்கள். பணம் மாற்றுவது, கைப்பேசி அட்டை வாங்குவது, கழிப்பறை, யாரோடு போவது என்ற முடிவு, எல்லாம் உள்ளேயே. தாண்டியபின் திரும்ப முடியாது. விடுதியின் முகவரியைத் தமிழில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் உள்ள கோயிலையோ திரையரங்கையோ சேர்த்து. வண்டி எண்ணை ஏறுமுன் யாருக்காவது அனுப்புங்கள். மூன்று மணிக்குமேல் இறங்கி, உடம்பும் அனுமதித்து, அவசரமும் இல்லையென்றால் கூடத்துக்குள்ளேயே அமர்ந்து ஒரு காப்பி குடியுங்கள். நான்கு மணிவாக்கில் திரிசூலத்தில் முதல் ரயில்கள் வரத் தொடங்கிவிடும். பூ விற்கப் போகிறவர்களும் இரவுப்பணி முடிந்தவர்களும் அதில் இருப்பார்கள். மாம்பலம், எழும்பூர், பூங்கா என்று எங்கே இறங்கினாலும் அந்நேரம் தேநீர்க் கடை திறந்திருக்கும், ஊர் விழித்திருக்கும். விழித்திருக்கும் ஊரில் பேரம் பேசுவதும் எளிது.